கொதித்து ஆறிய தண்ணீரில் நாலு மீன்

சுத்தக்காரர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அந்தப் பயத்தைக் கற்றுக்கொடுத்தவர் கனீஸ் ஃபாத்திமா. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி, கடுக்காமரத்தூர் என்ற சின்ன ஊரில் நான் ஓராசிரியர் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். பள்ளிக்கு அடுத்த கட்டடம் பிரசவ நிலையம். அதற்கு நர்ஸம்மா அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் போனேன். டம்ளரைக் கொடுப்பதற்கு முன் கையை நீட்டச் சொன்னார். கையெல்லாம் சாக்பீஸ்.

"இன்னா வாத்தியாரே, ஒங்களப் பாத்துதானே புள்ளைங்க கத்துக்கும்?" என்று சோப்பை எடுத்து நீட்டினார். கழுவிக்கொண்டு வந்தேன். அவர் முன்னால் கை கழுவாமல் தப்பித்த ஆள் அந்த மலையில் கிடையாது.

அவருக்கு ஊர் வாணியம்பாடி. அப்பா அப்துல் கய்யூம் அங்கே தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் தொட்டி மேஸ்திரி. தோல் ஷாப்புக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால், அந்த வாடையைக் கழுவிக் கழுவியே தனக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான மறு வருஷமே கணவர் போய்விட்டார். மூலையில் உட்காரச் சொன்னவர்களையே அங்கே உட்காரச் சொல்லிவிட்டு வேலூருக்குப் போய் நர்ஸ் படிப்புப் படித்தார். மலைக்குப் போக யாரும் இஷ்டப்படாத காலம். இவர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நான் சொல்லப்போகும் 1962-இல் அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும்.

நிலையத்தில் இரண்டு இரும்புக் கட்டில். அவர் வந்து இரண்டரை வருஷமாகியும் அவற்றில் ஒரு பெண்கூடப் படுத்ததில்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை விரிப்புகள் வெந்நீரில் துவைக்கப்பட்டு வெயிலில் தொங்கும். யாருமே படுக்காத விரிப்பை எதற்கு அம்மா துவைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு கேட்காமலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். மலைப் பெண்கள் வீட்டிலேயே பெற்றுக்கொண்டார்கள். கை மீறிப் போனபிறகுதான் நர்ஸம்மாவுக்கு ஆள் வரும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பாதி நேரம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அப்படித் திரும்பி வரும் நாளில் கட்டிலின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கன்னியம்மாளுக்கு அப்படி இரண்டு தடவை ஓடியிருக்கிறார். இரண்டு குழந்தையும் தங்கவில்லை. அந்தப் புரட்டாசியில் கன்னியம்மாளுக்கு மூன்றாவது முறையாக ஐந்து மாதம். தை மாதத்தில் பிரசவம். இந்தத் தடவை அவளை எப்படியாவது கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் கனீஸ் ஃபாத்திமாவின் ஒரே கவலை. கவலை என்றால் சாப்பிடும்போதும் அதே பேச்சு. ஆனால் அவள் புருஷன் வீரன் பிடிகொடுக்கவில்லை. புளியும் தேனும் எடுத்துக்கொண்டு வாராவாரம் சந்தைக்கு எங்கள் வழியாகத்தான் போவான். "பாக்கலாம் நர்ஸம்மா" என்பான். மலையில் 'பாக்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

இந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மாவின் தம்பி லத்தீப், கடுக்காய் ஏற்ற வந்த லாரியில் ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, வைக்கோலில் சுற்றியது. கூடவே மூடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவில் நாலு தங்க மீன். மதராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கினாராம். அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மலைக்கு மீன் கொண்டுவந்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். குவார்ட்டர்ஸில் வைக்க இடமில்லை. தொட்டி நிலையத்தின் வராந்தாவுக்கு வந்தது.

மறுநாள் சந்தை. வராந்தாவில் அன்று கூடிய கூட்டத்தை நான் என் பள்ளியில் ஒருநாளும் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாமலே ஜனங்கள் அந்தப் படியேறியது அன்றுதான் முதல் தடவை. பெண்கள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மாவும் போகவில்லை. பொரி, சாமைச்சோறு, வெல்லம் என்று கையில் இருந்ததை உள்ளே போட்டார்கள். வீரனும் கன்னியம்மாளை அழைத்துக்கொண்டு வந்து நின்றான். விரலை நீட்டி எண்ணினான்.

"நாலு கீது" என்றான்.

கனீஸ் ஃபாத்திமா என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? கட்டில் செய்யாதத மீனு செஞ்சிடும்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். அன்று சாயங்காலமே மீன்களுக்குப் பணிவிடை ஆரம்பமாகிவிட்டது.

பணிவிடை என்றால் எப்படி? தினமும் காலையில் மீன்களை ஒரு எனாமல் பேசினுக்கு மாற்றுவது. தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுப் பளபளவென்று தேய்ப்பது. கத்தரிக்கோலும் இடுக்கியும் கொதிக்கிற அதே பாத்திரத்தில் கூழாங்கற்களையும் போட்டு இருபது நிமிஷம் கொதிக்கவைப்பது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியில் வடிகட்டி ஊற்றுவது. கொதிக்காத தண்ணீர் ஒரு சொட்டு அந்தத் தொட்டிக்குள் போகவில்லை. பிறந்த குழந்தைக்குக்கூட அவ்வளவு பார்த்திருக்கமாட்டார்கள்.

நாலாம் நாள் ஒரு மீன் மல்லாந்தது.

அடுத்த சந்தைக்கு வீரன் வந்து எண்ணினான். மூணு. "ஒண்ணு எங்க?" என்றான்.

"தூங்குது" என்றான் சின்னராசு. நிலையத்தின் பியூன் அவன். படவேட்டுக்காரன், நாற்பது வயது, மலைக் குளிரையும் மலைச் சாப்பாட்டையும் திட்டிக்கொண்டே மூன்று வருஷம் ஓட்டியவன். பொய் சொல்வதில் கெட்டிக்காரன் என்று தன்னைப் பற்றி அவனுக்கு ஒரு எண்ணம்.

கனீஸ் ஃபாத்திமா பயந்துபோய், தொட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தார். தண்ணீரை இன்னும் பத்து நிமிஷம் அதிகமாகக் கொதிக்கவைத்தார். அந்த வாரமே இன்னும் இரண்டு போயின. மிச்சமிருந்த ஒன்று தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சந்தைக்கு வீரன் வந்தபோது எண்ண வேண்டிய வேலையே இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அவன் கோபக்காரன் இல்லை. அன்றும் கோபமாகச் சொல்லவில்லை.

"நாலு மீன வச்சிக் காப்பாத்த முடியலியே நர்ஸம்மா. நீ எம் புள்ளயக் காப்பாத்துவியா?"

வீரன் போகும்போது, "இந்த ஒண்ணு தை வரைக்கும் இருந்தா, அப்பப் பாக்கலாம்" என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான். கனீஸ் ஃபாத்திமா அந்தத் தொட்டியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. என்னைக் கேட்காமலே எனக்குக் கண் கலங்கியது. ஒரு மீனைப் பார்த்து ஒரு குழந்தையின் தலைவிதியை முடிவு செய்கிறானே என்று அவன்மேல் ஆத்திரமும் வந்தது.

சின்னராசுவுக்கும் ஆத்திரம். ஆனால் அவன் என்னைப் போல சும்மா ஆத்திரப்படுகிற ஆள் இல்லை. அடுத்த சந்தை நாள் விடிந்ததும் விடியாததுமாக ஓடைக்குப் போனான். கிட்டத்தட்ட அதே அளவில் மூன்று மீனைப் பிடித்தான். பானையில் ஓடைத் தண்ணீரும், பாசி பிடித்த கற்களுமாக அள்ளிவந்து, அவசரத்தில் எல்லாவற்றையும் சேறும் சகதியுமாகத் தொட்டிக்குள் கொட்டிவிட்டான். நர்ஸம்மா பக்கத்துக் குடிசையில் காய்ச்சல்காரியைப் பார்க்கப் போயிருந்தார். அன்றைக்குத் தொட்டி கழுவவும் நேரமில்லை, தண்ணீர் கொதிக்கவைக்கவும் நேரமில்லை.

வீரனும் கன்னியம்மாளும் வந்தபோது வராந்தாவில் பத்துப் பேர் இருந்தார்கள். வீரன் எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"இன்னாடா இது, போன வாரம் ஒண்ணு. இந்த வாரம் நாலு?"

"குட்டி போட்டுச்சு" என்றான் சின்னராசு, கொஞ்சமும் அசராமல்.

"தங்க மீனு ஓட மீனக் குட்டி போட்டுச்சா?"

வராந்தா முழுக்கச் சிரிப்பு. தாங்கள் பிறந்ததிலிருந்து பிடித்துத் தின்கிற மீனை அந்த ஜனங்களுக்கு அடையாளம் தெரியாதா? குப்பம்மா என்ற கிழவி, "தோ, அது எங்க வூட்டாண்ட துறை மீனுடா. நேத்துகூட என் காலக் கடிச்சுது" என்று சொல்லி இன்னும் கிளப்பிவிட்டாள். சின்னராசு முகம் செத்துவிட்டது. நானும் சிரித்தேன், பொய் சொல்லுவானேன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கனீஸ் ஃபாத்திமா வந்து சேர்ந்தார். தொட்டியைப் பார்த்தார், சின்னராசுவைப் பார்த்தார், புரிந்துவிட்டது. முதலில் அவனை ஒரு பிடி பிடித்தார். "மஞ்சத் தூளு பூசலாமான்னு கூட நெனச்சேம்மா, தண்ணியில கரஞ்சிடும்னு வுட்டுட்டேன்" என்று அவன் முனகியதும் அவருக்கே சிரிப்பு முட்டியது. பிறகு சிரிக்காமல் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"மூணு மீனு செத்துப்போச்சு. தூங்கல, செத்துப்போச்சு. அதுங்க என் கையிலதான் இருந்துச்சுங்க, நான்தான் பாத்துக்கினேன். அதனால என் தப்பு. என்னா தப்பு செஞ்சேன்னு இன்னும் எனக்கே தெரியல. தெரிஞ்சிக்குவேன்."

வீரன் மூட்டையைத் தூக்கிக்கொண்டான். கன்னியம்மாள் மட்டும் படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எனக்கு நர்ஸம்மாமேல் எரிச்சலாக இருந்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்லியே ஆக வேண்டுமா? ஒரு நர்ஸ் தன் வாயாலேயே 'என் தப்பு' என்று சொன்னால் இனி யார் வருவார்கள்? அதை அவரிடமே சொன்னேன். "வராட்டி போறாங்க வாத்தியாரே. பொய்யச் சொல்லிக் கட்டில்ல படுக்கவச்சா, அப்பறம் நான் சொல்ற மாத்திரய முழுங்குவாங்களா?" என்றார்.

சாயங்காலம் நர்ஸம்மா தொட்டியை ஒரேயடியாகக் கவிழ்த்து வைக்கோலில் சுற்றி வைத்துவிடுவது என்று வராந்தாவுக்கு வந்தார். முதலில் ஓடை மீன்களை எடுத்து, கொண்டுவந்த துறையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லிச் சின்னராசுவை அனுப்பினார். பிறகு குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு வாரமாக மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்த தங்க மீன், கீழே பாசிக் கற்களுக்கு நடுவில் மூக்கால் நோண்டிக்கொண்டு நிதானமாகத் திரிந்தது.

"வாத்தியாரே, இங்க வாங்க" என்று பள்ளி வேலிக்கு இந்தப்பக்கம் கேட்கக் கூப்பிட்டார். "நான் கழுவாத ஒரே நாளு இன்னிக்குதான். இன்னிக்குதான் இது நல்லா கீது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, யோசிப்பதையெல்லாம் எனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். தோல் ஷாப்பில் பச்சைத் தோலை எடுத்ததும் புதுப் பட்டைத் தண்ணீரில் போடமாட்டார்களாம். ஆவாரம்பட்டை புதிதாகப் போட்ட தொட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதில் நேராகப் போட்டால் தோல் மேலே வெந்த மாதிரி இறுகிப்போய் உள்ளே ஒன்றும் ஏறாதாம். பல தோலைப் பார்த்து அலுத்துப்போன பழைய தண்ணீரில்தான் முதலில் போடுவார்களாம். அங்கே பழகினபிறகுதான் அடுத்த தொட்டி. பழைய தண்ணீரைக் கீழே கொட்டினவனுக்கு மேஸ்திரி அப்துல் கய்யூமிடம் அடிகூட விழுந்திருக்கிறதாம்.

"நான் தெனம் புதுத் தண்ணி, புதுத் தொட்டின்னு கொடுத்துக்கினே இருந்திருக்கேன். எங்கப்பா பாத்திருந்தா மொதல்ல என்ன ஒதச்சிருப்பாரு" என்றார். அப்புறம் ஓர் ஆராய்ச்சி. கொதித்த தண்ணீரில் காற்று இருக்காது. பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், மீனை மட்டும் விட்டுவிடுமா? சோற்றையும் வெல்லத்தையும் போட்டால் அழுகாதா? ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் ஒரு பக்கம் வாடியது, ஒரு பக்கம் தெளிந்தது. பாசிக் கற்கள் தொட்டியிலேயே தங்கின. அவர் கையால் எதையும் கொதிக்கவைக்காமல் விட்டது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த நாள் நிலையத்தில் இருந்த எனிமா டப்பா, வாங்கினதிலிருந்து யாருக்கும் பயன்படாத புதுசு, தொட்டிக்கு மேலே ஆணியில் ஏறியது. ரப்பர் குழாயில் கிளிப்பை லேசாகத் தளர்த்தி, ஓடைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேலேயிருந்து விழும்படி செய்தார். இன்னொரு குழாயால் அடியில் சேரும் அழுக்கைக் காலையில் ஒரு செம்பளவு மட்டும் உறிஞ்சி எடுப்பது, அவ்வளவுதான். நேரம் கிடைத்தபோதெல்லாம் செம்பால் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார். தீனி போட்டால் கையை ஒடிப்பேன் என்று போர்டு எழுதித் தரச் சொன்னார். 'மீனுக்கு உணவிட வேண்டாம்' என்று நான் நாகரிகமாக எழுதினேன். அவரே, நீர்ப் பீப்பாயில் நெளிகிற கொசுப்புழுவில் ஒரு சிட்டிகை பிடித்துப் போடுவார்.

எனிமா டப்பாவைப் பார்க்கவே மறுபடியும் கூட்டம் வந்தது. "மீனுக்கும் எனிமாவா நர்ஸம்மா? மலச்சிக்கலா?" என்று குப்பம்மா கேட்டாள். சிரித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்து, வந்த பெண்களின் கண் இமையைக் கீழே இழுத்து இரத்தம் இருக்கிறதா என்று பார்த்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார். வீரன் மட்டும் வரவில்லை. சந்தைக்குப் போகும்போது பாதையின் அந்தப்பக்கமாகவே நடந்தான்.

நடுவில் ஒரு பத்து நாள் பாடாய்ப் போய்விட்டது. தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி வெளுத்துப்போனது. மீன் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. "கொட்டிடலாம்மா" என்று சின்னராசு, "கொட்டிவிடுங்களேன்" என்று நான். அவருடைய கை பிளீச்சிங் டப்பாவரைக்கும் போகும், திரும்பும். கண்ணெதிரே கலங்கல் இருக்க, அதைக் கழுவாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அவருக்கு நோன்பைவிடக் கஷ்டம். தாங்க முடியாமல் ஒருநாள் என் பள்ளிக்கு வந்து கரும்பலகை, ஜன்னல், மணி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனார். கார்த்திகை பாதியில் ஒருநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் தானாகவே தெளிந்து, மீன் செக்கச்செவேலென்று அடிக்கும் மேலுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. கனீஸ் ஃபாத்திமா கத்திய கத்தலில் என் பிள்ளைகள் எல்லாரும் வகுப்பை விட்டு ஓடிவிட்டார்கள்.

இரண்டு தடவை அவர் வீரன் வீட்டுக்கே நடந்துபோய் வந்தார். மீன் பிழைத்துவிட்டது என்று சொன்னார். தேன் கொடுத்து உபசரித்தான். "பாக்கலாம்" என்றான். மார்கழி முழுக்க அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் எப்படித் தூங்கினாரோ தெரியாது. தினமும் எழுந்ததும் தொட்டியைத்தான் பார்ப்பார்.

தை பிறந்து மூன்றாம் நாள், பத்து மணி வெயிலில், கன்னியம்மாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்து வந்தாள். இடுப்பில் துணி மூட்டை. பின்னால் வீரன், தோளில் சாமை மூட்டையும் கையில் ஒரு பூசணிக்காயும். வலி இன்னும் வரவில்லை.

கனீஸ் ஃபாத்திமா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, "வா வா, மொதல்ல மீனப் பாரு, உசுரோட கீது" என்று இழுத்தார். கன்னியம்மாள் தொட்டியைப் பார்க்கவே இல்லை. "கட்டிலு எங்க கீது?" என்றாள்.

வந்த ஆறாம் நாள் காலையில் வலி எடுத்தது. நான் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டு வேலியோரம் நின்றேன். வீரன் படியில் உட்கார்ந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தான். உள்ளே நடந்ததைப் பிறகு நர்ஸம்மாவே சொன்னார். தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. விரலை விட்டுத் தளர்த்தி, தலைக்கு மேலே கழற்றினார். குழந்தை நீலமாக இருந்தது. முதுகைத் தேய்த்தார், வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்தார், மறுபடியும் தேய்த்தார். உச்சி வெயில் நேரத்தில் நானும் வீரனும் அந்த அழுகையைக் கேட்டோம். பெண் குழந்தை. ஆறு ராத்தல் எடை.

எல்லாம் கழுவித் துடைத்து முடித்தபிறகு கனீஸ் ஃபாத்திமாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏன் கன்னியம்மா, மீனு பொழச்சதுன்னாலதானே ஒங்காளு ஒன்ன இட்டாந்தான்?"

"மீனா?" என்றாள் கன்னியம்மாள். "அவுரு எங்க இட்டாந்தாரு? நாந்தான் அவர இட்டாந்தேன். அன்னிக்கு மீனு செத்தப்பவே வரணும்னு முடிவு பண்ணிட்டேன்."

"செத்தப்பவா?"

"எம் ரெண்டு புள்ளைங்களும் போச்சே நர்ஸம்மா. மாமியா என் ராசின்னாங்க. ஊருல விதின்னாங்க. யாருமே தன் தப்புன்னு சொல்லல. நீ மூணு மீனுக்கு அத்தினி பேரு முன்னால என் தப்புன்னு சொன்னியே. தெரிஞ்சிக்குவேன்னும் சொன்ன. அதான் ஒங்கிட்ட வந்தேன்."

கனீஸ் ஃபாத்திமா கன்னியம்மாளின் பக்கத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அரை மணிக்கு முன்னால்தான் எடை பார்த்திருந்தும், தராசில் வைத்து இன்னொரு தடவை எடை பார்த்தார்.